வருடை மானன்று

எங்கள் துறையில் குறுந்தொகை நடத்தும் பொறுப்பு பல ஆண்டுகளாக எங்கள் இருவரிடமே இருந்து வருகிறது. ஓராண்டு ஒருவர், மறு ஆண்டு மற்றவர். இருவருமே பரவையில் குடியிருப்பவர்கள். வைகையின் வடகரையில், கண்மாயும் காய்கறிச் சந்தையும் ரயில் பாதையுமாகக் கிடக்கும் ஊர் இது. மொட்டை மாடியில் ஏறித் தெற்கே பார்த்தால் நாகமலை தெரியும். செடிகொடி அதிகமில்லாத நீண்ட பாறை முதுகு. குறிஞ்சித்திணையை நடத்தும்போதெல்லாம் எங்கள் மனக்கண்ணில் வந்து நின்ற மலை அதுதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கபிலர் பாடிய குறுந்தொகை 187ஆம் பாட்டில் வருடை வருகிறது. செங்குத்தான மலையில் தங்கும் வருடையின் குட்டி தாயின் பாலை வயிறாரக் குடித்துவிட்டு மலையின் நிழலில் துள்ளுகிறது. அத்தகைய நாட்டை உடையவன் கல்லைவிடக் கடினமானவன். அது தெரிந்தும் அவனை நினைத்து நெஞ்சு மெலிகிறது என்று தலைவி சொல்கிறாள். ஒரு நாள் வகுப்பில் இதை நடத்தியபோது முன்வரிசையில் இருந்த மாணவி எழுந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், வீட்டில் வெள்ளாடு வளர்ப்பவர்கள்.

"ஐயா, வருடைங்கறது மானா, ஆடாங்கய்யா?"

"பாட்டுலயே வருடைமான்னு இருக்கேம்மா. ஒருவகை மான்" என்று பதில் சொல்லப்பட்டது. அவர் உட்கார்ந்து கொண்டார். குறிப்பேட்டில் எழுதியும் கொண்டார். எங்களில் யார் அந்தப் பதிலைச் சொன்னது என்பது முக்கியமில்லை. மறு ஆண்டு வகுப்பில் மற்றவரும் அதையே சொன்னார். பதினோரு ஆண்டுகள் அப்படியே சொல்லி வந்தோம்.

தவறு தெரிய வந்தது ஒரு தேநீர் வேளையில். எங்களோடு மாலையில் நடக்க வரும் விலங்கியல் ஆசிரியர் ஒருவர் உண்டு. பேச்சுவாக்கில் வருடைமானைப் பற்றிச் சொன்னபோது அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "அது வரையாடு இல்லையா? நம்ம மாநில விலங்கு. மான்னா சொல்லிக் கொடுக்கிறீங்க?" என்று கேட்டார். எங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. பழந்தமிழில் மான் என்பது விலங்குக்குப் பொதுப்பெயராகவும் வரும். அரிமான் என்றால் சிங்கம், பரிமான் என்றால் குதிரை என்று அதே வகுப்பில் நடத்தியவர்கள் நாங்கள். அது போதாதென்று சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையையும் நாங்களே நடத்துகிறோம். பேரியாற்றங்கரையில் தங்கியிருக்கும் செங்குட்டுவனுக்கு மலைவாணர்கள் கொண்டுவரும் காணிக்கைகளில் வருடையும் மான் குட்டியும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. இரண்டு பாடத்தையும் கற்பித்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அறியாமையைவிட இதுதான் அதிகம் உறுத்தியது.

"ஆடுன்னு சொல்றதுலயும் ஒரு சிக்கல் இருக்கு" என்றார் விலங்கியல் நண்பர். இமயமலையில் வாழும் தாருக்கு நெருங்கிய உறவு என்று இதை நெடுங்காலம் நினைத்திருந்தார்களாம். 2005இல் வெளியான மரபணு ஆய்வு இது செம்மறி இனத்துக்குத்தான் நெருக்கம் என்று காட்டவே, இதற்கென்றே தனிப் பேரினம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்திலும் தமிழகத்திலும் மட்டுமே உள்ள விலங்கு. "பரவையிலிருந்து ஒரு நாள் பயணத்துல பார்த்துடலாம். இத்தனை வருஷம் பாடம் நடத்தினவங்க ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?" என்றார்.

இப்படித்தான் இரண்டு கோடைகளுக்கு முன், விடைத்தாள் திருத்தும் பணி முடிந்த மே மாதத்தில், நாங்கள் மூவரும் கிளம்பினோம்.

வைகையைக் கடந்து, நாகமலையை ஒட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி. போடிமெட்டுக்கு 17 கொண்டையூசி வளைவுகள். பரவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் ஏறவிருந்த மீசைப்புலிமலை 2,640 மீட்டர். ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. கீழே புளியமரமும் மாந்தோப்பும்; மேலே ஏலக்காய்; அதற்கு மேல் தேயிலை. திணைமயக்கம் என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறோம். வழித்தடத்தில் அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தோம்.

முதல் நாள் இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைப் பகுதிக்குச் சென்றோம். வரையாட்டைத் தேட வேண்டியிருக்கும், தொலைநோக்கி வேண்டும் என்றெல்லாம் எண்ணிப் போயிருந்தோம். வனத்துறைப் பேருந்திலிருந்து இறங்கிச் சிறிது தூரம் நடந்ததுமே சாலையோரத்தில் அது நின்றது. பெண் ஆடு. சாம்பல் கலந்த பழுப்பு நிறம், பின்னோக்கி வளைந்த குட்டையான கொம்பு. இரண்டு முழத் தூரத்தில் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருபது கைப்பேசிகள். ஒரு குழந்தை பிஸ்கட்டை நீட்ட, காவலர் அதட்டினார். அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த அச்சமின்மைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இந்தப் பகுதி தேயிலைக் கம்பெனிக்காரர்களின் வேட்டை நிலமாக இருந்தது. வேட்டைக்காகவே அவர்கள் இதைக் காத்தும் வந்தார்கள். காலப்போக்கில் வேட்டை நின்று காவல் மட்டும் தொடர்ந்தது. 1971இல் கேரள அரசு இந்த நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தலைமுறை தலைமுறையாக மனிதரால் தீங்கு காணாத ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதை விட்டுவிட்டன. குட்டி ஈனும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். நாங்கள் போய் வந்த பின்னர், 2025 ஏப்ரலில் இரு மாநில வனத்துறைகளும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் மொத்தம் 2,668 வரையாடுகள் இருந்தன. இரவிகுளத்தில் மட்டும் 841. தமிழக அரசு 2022இன் இறுதியில் வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் ஒன்றை அறிவித்ததும் அக்டோபர் 7ஐ வரையாடு நாளாகக் கொண்டாடுவதும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

ஆனாலும் எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. அழகர்கோவில் வாசலில் நேர்ந்துவிட்ட கிடாயைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. கபிலர் பாடிய வருடை இதுதானா என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். "பக்கத்துல நின்னா பாட்டு போயிடுமா?" என்று சிரித்தார் விலங்கியல் நண்பர். அந்தச் சிரிப்பின் பொருள் மறுநாள்தான் விளங்கியது.

அன்றிரவு மீசைப்புலிமலை அடிவாரத்தில் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் கூடார முகாமில் தங்கினோம். வழிகாட்டியின்றி மலையேற அனுமதி இல்லை. எங்களுக்கு வாய்த்தவர் ஐம்பது வயதை நெருங்கும் தமிழர், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா போடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து குரங்கணி வழியாகக் கால்நடையாக ஏறி வந்தவராம். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் அந்த வழியாகத்தான் கீழே இறங்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவரும். அங்கிருந்து கம்பிவடத்தில் கட்டி மலைச்சரிவில் இறக்குவார்கள். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. "தேயிலை எறங்குச்சு, ஆளுங்க ஏறுனாங்க" என்றார் வழிகாட்டி.

கூடாரத்துக்கு எதிரே மலைமடிப்பில் ஒரு கரிய காடு தெரிந்தது. அது என்ன என்று கேட்டோம். "சோலை" என்றார். எங்கள் வகுப்பில் சோலைக்குப் பொருள் பூங்கா, மரச்செறிவு. இங்கே சோலை என்பது, மேலெல்லாம் புல்லாக இருக்கும் மலையின் மடிப்புகளில் மட்டும், குறுகி முறுகி, பாசி படர்ந்து நெருங்கி நிற்கும் மரக்கூட்டம். புல்வெளியும் சோலையும் சேர்ந்து மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. உலகத்துத் தாவரவியலாளர்கள் எல்லாம் இந்தக் காட்டை ஷோலா என்றே எழுதுகிறார்கள். நம் சொல்லை அவர்கள் எடுத்துப் போய்ப் பொருள் மாறாமல் வைத்திருக்கிறார்கள். நாம் அதைத் திருமண அழைப்பிதழில் பூஞ்சோலை ஆக்கிவிட்டோம்.

இரவு குளிர் எலும்பைத் தொட்டது. நள்ளிரவில் சோலைக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல். மூவரும் எழுந்து உட்கார்ந்தோம். "மிளா சார். எதையோ பார்த்திருக்கும். படுங்க" என்றார் அடுத்த கூடாரத்திலிருந்து வழிகாட்டி. எதைப் பார்த்தது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. உறங்கவும் இல்லை.

காலையில் புறப்படுமுன் அவர் மூன்று விதிகளைச் சொன்னார். பாதையை விட்டு இறங்கக் கூடாது. சத்தமாகப் பேசக் கூடாது. எதையும் போடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. தலையாட்டினோம். காட்டுப்பூவரசு மரங்களைக் கடந்து புல்வெளியில் ஏறினோம். பூக்காலம் முடிந்து ஒன்றிரண்டு மரங்களில் மட்டும் சிவப்பு மிஞ்சியிருந்தது. ஒரு குன்று ஏறினால் அடுத்தது தெரிகிறது. அதை ஏறினால் அதற்கடுத்தது. வகுப்பறையில் ஒரு மணி நேரம் நின்றபடி பேசும் கால்கள் இங்கே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கெஞ்சின.

முகட்டை நெருங்கியபோது கிழக்குப் பக்கம் திடீரென்று நிலம் முடிந்துவிட்டது. கீழே, மிகக் கீழே, வெயிலில் வெளுத்த சமவெளி. போடி, அதற்கப்பால் தேனிப் பக்கம். அந்த வெளுப்பின் கடைசியில் எங்கோ பரவையும் இருக்கிறது. இந்தச் சரிவுகளில் பிறக்கும் கொட்டகுடி ஆறு தேனிப் பக்கம் வந்து வைகைக்கு நீர் தருகிறது. எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் இந்தப் புல்வெளியின் கசிவும் கொஞ்சம் இருக்கும் என்று நண்பர் சொன்னார். யாரும் பதில் பேசவில்லை.

வழிகாட்டி வேறொரு சரிவைக் காட்டினார். "அந்தப் பக்கந்தான் குரங்கணி." 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அதன் பிறகே தமிழகத்தில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 வழித்தடங்களை வகுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு அனுப்பத் தொடங்கியது. "மார்ச்ல இந்தப் புல்லு தங்கமாட்டம் இருக்கும் சார். பார்க்க அழகு. உள்ள பூரா காஞ்ச சருகு. காத்தடிச்சா ஆளு ஓடுற வேகத்தைவிட நெருப்பு வேகமா ஏறும்" என்றார் அவர். நாங்கள் நின்றிருந்த புல்லைக் குனிந்து பார்த்தோம். காலையிலிருந்து அதைத்தான் அழகு, அழகு என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தோம்.

அப்போதுதான் அந்த மந்தை தெரிந்தது. எங்களுக்குக் கீழே, நூறு அடி தொலைவில், பாறை விளிம்பை ஒட்டிப் பன்னிரண்டு ஆடுகள். சற்று விலகி ஒரு கிடாய். ஏறக்குறையக் கறுத்த உடல், முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல் வெள்ளி நரை. ஒரு பெண் ஆடு மேட்டுப்பாறையில் படுத்துக் காவல் இருந்தது. நடுவே நான்கு குட்டிகள். பிறந்து இரண்டு மூன்று மாதம் இருக்கலாம். ஒன்று தாயின் மடியை முட்டிப் பால் குடித்தது. குடித்து முடித்ததும் நான்கு கால்களையும் ஒருங்கே தூக்கித் துள்ளியது. பாறையின் நிழலுக்குள் ஒரு துள்ளல், வெளியே ஒரு துள்ளல்.

இரண்டாயிரம் ஆண்டு அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டதுபோல் இருந்தது. எங்கள் கண்கள் கலங்கின என்பதை மறைக்க வேண்டியதில்லை. மறைக்கக்கூடாதது அடுத்து நடந்தது.

எங்களில் ஒருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கினார். வகுப்பில் காட்ட ஒரு படம் வேண்டும் என்பதுதான் நோக்கம். முன்தினம் ராஜமலையில் இரண்டு முழத்தில் நின்ற ஆடு எங்களுக்குத் தவறான துணிச்சலைத் தந்திருந்தது. மற்ற இருவரும் தடுக்கவில்லை. கிட்டத்தில் படம் வரட்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டோம். வழிகாட்டி சற்று முன்னால் போயிருந்தார்.

பத்து அடிகூட இறங்கியிருக்க மாட்டார். காவல் ஆடு எழுந்து சீழ்க்கை அடித்தது. மனிதன் அடிப்பதுபோலவே ஒரு கூர்மையான விசில். மறுகணம் மந்தை விளிம்பில் கொட்டியதுபோல் மறைந்தது. குளம்பு உருட்டிவிட்ட கற்கள் கீழே போய்க்கொண்டே இருந்த சத்தம் மட்டும் கேட்டது. பால் குடித்த குட்டி எதிர்ப்பக்கம் ஓடிவிட்டது. இறங்கியவர் ஒரு பக்கம், தாய் மறு பக்கம், நடுவே ஒரு பாறைமேட்டில் அது தனியாக நின்று கத்தியது. வீட்டு ஆட்டுக்குட்டியின் குரல்தான். வேறுபாடே இல்லை.

வழிகாட்டி ஓடி வந்தார். கத்தவில்லை. கையைப் பிடித்து மேலே இழுத்து, மூவரையும் பின்னால் அழைத்துப் போய் ஒரு பாறை மறைவில் உட்கார வைத்தார். "அசையாதீங்க. பேசாதீங்க" என்றார். அதே வேளையில் கேரளப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்து எல்லாவற்றையும் மூடியது. ஒரு கை தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மஞ்சுக்குள்ளிருந்து குட்டியின் குரல் வந்தது. சிறிது நேரம் கழித்துக் கீழேயிருந்து மறுபடி ஒரு சீழ்க்கை. பிறகு இரண்டும் இல்லை.

சிறுத்தையோ செந்நாயோ வந்தால் வரையாட்டுக்குப் பாறை விளிம்புதான் அரண். குட்டிக்கோ தாய்தான் அரண். விலங்கியல் நண்பர் இதை முன்தினமே சொல்லியிருந்தார். இப்போது அவர் எதுவும் சொல்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கடந்திருக்கும். மஞ்சு விலகியபோது பாறைமேடு வெறுமையாக இருந்தது.

"சேர்ந்திருக்குமா?" என்று கேட்டோம்.

"தெரியாது சார்" என்றார் வழிகாட்டி. கொஞ்சம் நடந்த பிறகு அவராகவே சொன்னார்: "நாம பார்க்குற எடத்துல அதுங்க சேராது. நாம இல்லாத எடத்துலதான் சேரும். அதான் கூட்டிட்டு வந்துட்டேன்."

சிகரத்துக்கு இன்னும் சிறிது தூரமே இருந்தது. அவர் போகலாம் என்றார். எங்களுக்கு ஏறத் தோன்றவில்லை, திரும்பினோம். படம் எடுக்கப்போனவரின் கைப்பேசியில் ஒரே ஒரு படம் இருந்தது. பாதி புல், பாதி வானம். அதை அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

பரவைக்குத் திரும்பிய இரவு அந்தப் பாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தோம். குட்டி துள்ளுவதை இத்தனை காலமும் நாட்டு வளத்துக்கு ஓர் அலங்காரமாகவே நடத்தியிருக்கிறோம். அந்தத் துள்ளலுக்கு வயிறு நிறையப் பால் வேண்டும், பக்கத்தில் தாய் வேண்டும், அண்டிக்கொள்ள மலையின் நிழல் வேண்டும். இவ்வளவும் வாய்த்த குட்டியைப் பார்த்துக்கொண்டு, எதுவும் வாய்க்காத ஒருத்தி பேசுகிறாள். மஞ்சுக்குள் கத்திய குரலைக் கேட்காமல் இருந்திருந்தால் இது எங்களுக்குப் புரிந்திருக்காது. அப்படிப் புரிந்ததற்கு ஒரு குட்டி கொடுத்த விலை என்ன என்பது இன்றுவரை தெரியாது. பாட்டு விளங்கியதே என்று மகிழவும் முடியவில்லை.

கபிலர் எவ்வளவு தொலைவில் நின்று அதைப் பார்த்திருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம். குட்டி பால் குடித்து முடிக்கும்வரை, பிறகு துள்ளும்வரை, மந்தை கலையாமல் இருந்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்ததும் அதே காட்சிதான், அந்தப் பத்து அடி இறங்கும்வரை.

அடுத்த வாரம் அந்த மாணவியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினோம். அவர் இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியை. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இருவரும் சேர்ந்தே சொன்னோம். வருடை மானன்று, வரையாடு. உங்களுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று. மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"எனக்கு அப்பவே சந்தேகந்தாங்கய்யா. பாலைக் குடிச்சிட்டு அப்படித் துள்ளுறது எங்க வீட்டுக் குட்டி மாதிரியே இருந்துச்சு. நீங்க சொன்னதால மான்னு எழுதிக்கிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் பிள்ளைங்களுக்கும் மான்னுதாங்கய்யா சொல்லிக் கொடுத்திருக்கேன். பள்ளிக்கூடம் திறந்ததும் மாத்திச் சொல்லிடுறேன்" என்றார்.

நாங்களும் ஜூன் மாதம் முதல் வகுப்பில் மாற்றிச் சொன்னோம். படம் இருக்கிறதா ஐயா என்று ஒரு மாணவர் கேட்டார். பாதி புல்லும் பாதி வானமுமாக இருந்த அந்தப் படத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னோம்.